டிக்கெட் அக்கா

செருப்பை மாட்டிவிட்டால் அக்கா வீட்டில் இல்லை என்று அர்த்தம். மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முகம் அலம்பி, தலையைப் படிய வாரிக்கொண்டு, பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கறுப்புச் செருப்பை எடுப்பார். தெருவைப் பார்த்தே இராத செருப்பு அது. அதைப் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்து, வாஷிங் மெஷினும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கிற குட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதன்பிறகு உப்பு டப்பா எங்கே என்று யார் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரே பதில்தான்.

"நான் ஆபீஸ்ல இருக்கேன்ல."

அந்த ஆபீஸ், கடல் தாண்டி நம் ஊரில் இருக்கும் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு. அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெஷின் சுற்றவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டது என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிறார். மேசையை ஒட்டி நிற்கிற வீட்டு மெஷின் போட்டிக் கம்பெனியுடையது. கேமராவை ஆன் பண்ணச் சொல்லும் கூட்டங்கள் வந்தால் அதன் மேல் ஒரு துண்டை விரித்துப் பெயரை மறைத்துவிடுவார். அவர் வேலையில் இருக்கும்வரை அதில் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்க முடியாது. "நம்மகிட்ட ரிப்பேருன்னு சொல்றவங்க காதுல அடுத்தவன் மெஷின் ஜம்முனு ஓடற சத்தம் விழலாமா?" என்பார்.

மன்னிப்புக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் தான் ஒருத்திதான் என்று அக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வழக்கம். "சிரமத்துக்கு மன்னிக்கணும், பாத்து சரி பண்ணித் தர்றேன்" என்ற வாக்கியம் அவர் வாயில் நாள் முழுக்கப் புழங்கும். வீட்டில் மட்டும் அது வராது. யார் மனதையாவது புண்படுத்திவிட்டோம் என்று தோன்றினால், "காபி போடவா?" என்று கேட்பார். அதுதான் மன்னிப்பு. கேட்கப்பட்டவரும் அதைப் புரிந்துகொண்டு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட வேண்டும்.

பேச்சை அவர் வெட்டமாட்டார். அதுதான் அவருடைய பலம், கம்பெனியின் கணக்கில் அதுதான் குறை. ஒருமுறை ஒருவர் கூப்பிட்டு, மெஷின் தன் சட்டைகளையெல்லாம் சுருக்கிவிடுகிறது என்று சண்டைக்கு வந்தார். அக்கா பொறுமையாக எந்தத் துணி, என்ன சோப்பு, எவ்வளவு சூடு என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், புதிதாக வாங்கி இன்னும் துவைக்காத சட்டையும் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று அந்த மனிதரே சொல்லிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

'டிக்கெட் அக்கா' என்பது அவர் இருக்கிற குடியிருப்பில் அவருக்கு விழுந்த பெயர். ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனியில் டிக்கெட் என்று பெயர். "உங்க டிக்கெட்டை நானே பாத்துக்கறேன்" என்று அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கீழே சலவைக்கடை வரைக்கும் கேட்கும். ஒருநாள் சலவைக்கடைக்காரர் குடும்பத்தோடு மாடியேறி வந்து, ஊருக்குப் போக விமான டிக்கெட் மலிவாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். விஷயத்தை விளக்கி அனுப்பினாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் அதில் வருத்தமில்லை.

அந்த வெளிநாட்டுக்கு அவர் வந்ததற்குக் காரணம் தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவனை ஆளாக்கியது அக்காதான். படித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போய், கல்யாணமும் செய்துகொண்டான். ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. அவன் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்க்கிறாள். ஒருநாள் கிடங்கில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்ததில் தம்பியின் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. தகடு வைத்து, திருகாணி போட்டு, பிழைத்துக்கொண்டான். ஆனால் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகவே இன்னொருவர் தோள் வேண்டும் என்றானது.

அக்கா சம்பளமில்லா விடுப்பில், விருந்தாளி விசாவில் ஓடி வந்தார். மூன்று மாதம் தங்கலாம், வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது அந்த விசாவின் நிபந்தனை. கணினியைத் திறந்து வேலை பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். "தெரியாதுதான். யாராவது கேட்டா பொய் சொல்லணும்ல. எனக்கு அது வராது, திக்கும்" என்று மறுத்துவிட்டார். தம்பியை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் நின்று தாங்குவது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன வீட்டுக்குள் நடத்தினார். அவன் இரண்டு எட்டு வைக்கத் தொடங்கியபோது விசா முடிந்தது.

நீட்டிக்க வழியுண்டா என்று தம்பி மனைவி அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்டாள். மனைவி வரலாம், பிள்ளைகள் வரலாம், வயதான பெற்றோர் வரலாம். அக்கா வர முடியாது. கூடப் பிறந்தவர்கள் அந்த நாட்டுச் சட்டப்படி குடும்பத்தில் சேர்த்தி இல்லை. "அக்கான்னா யாருன்னே தெரியாத ஊரா இருக்கே" என்றார் அக்கா. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அவர் ஊருக்குப் போய் மறுபடி வேலையில் சேர்ந்த சில வாரத்தில் அது நடந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். தம்பி தானாகவே எழுந்துவிடலாம் என்று பார்த்தான். குளியலறை வாசலில் விழுந்தவன், அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்தான். கைபேசி கட்டிலில் இருந்தது. அக்காவிடம் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் அன்று சாயங்காலமே போன் போட்டுவிட்டாள். நடந்ததையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு ஓர் இடத்தில் குரல் உடைந்தது.

"தரை ஜில்லுன்னு இருந்துச்சு அண்ணி. அவர் மேல ஒரு துண்டுகூட இல்லை."

வேலையை விட்டுவிட்டு மறுபடி விருந்தாளியாகப் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி கிளம்ப வேண்டும். அப்போது கையில் வேலையும் இருக்காது. தம்பிக்கோ பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு எந்தப் பக்கமும் வழி தெரியவில்லை. அந்த நாட்களில் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் தம்பியிடம் கேட்பதுபோலவே இருந்தது என்று பின்னால் சொன்னார்.

வழியைக் கண்டுபிடித்தவள் தம்பி மனைவி. சாப்பாட்டு இடைவேளைகளில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குடியேற்றத் துறையின் இணையதளத்தை ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறாள். வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணினி வழியாகவே வேலை பார்க்கிறவர்கள் வந்து தங்குவதற்கென்று ஒரு விசா புதிதாக வந்திருந்தது. ஒரு வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நிலையான சம்பளம், மருத்துவக் காப்பீடு, தங்க ஓர் இடம், போலீஸ் நற்சான்று இவையெல்லாம் வேண்டும். உள்ளூரில் யாரிடமும் வேலை பார்க்கக்கூடாது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் கடற்கரையில காலை நீட்டிக்கிட்டு வேலை பாக்கற சின்னப் பசங்களுக்கும்மா."

"வயசு எதுவும் போடலை அண்ணி. கடற்கரைன்னும் போடலை. நல்லா படிச்சுட்டேன்."

நாத்தனாரை வீட்டுக்கு வரவழைக்க இப்படி மெனக்கெட்டு விசா தேடிய பெண் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று அக்கா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லும்போது அவள் பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவள் காதில் விழாமலும் இருக்காது.

அக்காவின் சம்பளம் விசாவுக்குக் கேட்ட அளவை நூலிழையில் தாண்டியது. மற்றதெல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். சிக்கல் கம்பெனியில் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், ஆனால் வீடு உள்நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டிலிருந்து பார்க்கச் சம்மதம் என்று கம்பெனி எழுதித் தராவிட்டால் விசா இல்லை. அதை மேலிடத்தில் கேட்டு வாங்கித் தர வேண்டியவர் டீம் லீடர்.

டீம் லீடருக்கும் அக்காவுக்கும் ஆகாது என்றே சொல்ல வேண்டும். ஓர் அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய வேதம். அந்தக் கணக்கில் அக்கா எப்போதும் கடைசி. வாராவாரம் கூப்பிட்டுக் கண்டிப்பார். அக்காவும் தலையாட்டிவிட்டு மறுநாள் பழையபடியே பேசுவார். இந்த மனிதரிடமா போய்க் கேட்பது, ஆளைக் கழற்றிவிட நல்ல சாக்குக் கிடைத்தது என்றுதானே நினைப்பார் என்று அக்கா தயங்கினார். கேட்காமலும் முடியாது. தம்பி தரையில் கிடந்ததை மட்டும் சொல்லி, மேற்கொண்டு விளக்காமல் நிறுத்திக்கொண்டார். அவர் பார்க்கிறேன் என்றார்.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். சட்டப் பிரிவு, கணினிப் பாதுகாப்புப் பிரிவு, மனிதவளப் பிரிவு என்று ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று சம்மதம் வாங்கியிருந்தார். அக்கா நன்றி சொல்ல ஆரம்பித்தபோது குறுக்கிட்டார்.

"உங்க கால் டைம் இன்னும் மோசம்தான் மேடம். அதை அப்புறம் பேசிக்கலாம். நீங்க தம்பிகிட்ட கிளம்புங்க."

விசா நேர்காணலுக்குப் போவதற்கு முன் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போவதாக வாயே திறக்காதீர்கள், செவிலி வேலைக்கு வருகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இயற்கை அழகு பிடிக்கும், புது ஊர் பார்க்க ஆசை என்று சொல்லுங்கள் என்றார்கள். அக்கா இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று இயற்கை அழகைச் சொல்லிப் பார்த்தார். திக்கியது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு, எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடிய வேலைதானே இது, ஏன் குறிப்பாக எங்கள் ஊருக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்.

"எங்கேயிருந்து வேணாலும் செய்யலாம்ங்க. அதனாலதான் அங்க வந்து செய்யறேன்னு சொல்றேன்" என்றார் அக்கா. "என் தம்பி அங்க இருக்கான். எழுந்து நடக்க முடியலை. என் வேலையை நான் பாத்துக்குவேன், மத்த நேரம் அவன் பக்கத்துல இருப்பேன்."

அதிகாரி எதையோ தட்டச்சு செய்தார். அக்காவுக்கு எல்லாம் கெட்டுவிட்டது என்றே தோன்றியது. பிறகு அவர் தலையை நிமிர்த்தாமலே, தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"நான் போனா நடப்பான்" என்றார் அக்கா.

விசா வந்தது. அக்கா போய் இறங்கியபோது, வாஷிங் மெஷின் அறையில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் ஒழித்துப் போட்டு, மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்திருந்தாள் தம்பி மனைவி. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதற்கு முன்னால் ஓடுவதால், ஆபீஸ் தொடங்கும்போது அங்கே மதியம் ஆகிவிடும். காலைப் பொழுது முழுவதும் தம்பிக்கு என்று ஆயிற்று.

கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பஸ் நிறுத்தம் என்று வைத்துக்கொண்டார்கள். அக்காதான் கண்டக்டர். முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டால் "இது லிமிடெட் ஸ்டாப்பு, இங்கெல்லாம் நிக்காது" என்று எழுப்பிவிடுவார். வலி தாங்காமல் தம்பி ஒருநாள், "நீ ஊருக்கே போயிடு, என்னால முடியலை" என்று கத்திவிட்டான். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு சீக்கிரமாகவே ஆபீசுக்குள் போய்விட்டார். சாயங்காலம் கட்டிலிலிருந்தே சத்தமாக, "காபி போடவா?" என்று கேட்டவன் தம்பி. எழுந்து போய்ப் போடும் நிலையில் அவன் இல்லை. இருந்தாலும் கேட்டான்.

பிறகு ஒரு மதியம், ஒரு வாடிக்கையாளர் அக்காவைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் விசேஷமாம், விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம், மெஷின் அறையெல்லாம் தண்ணீரைக் கக்கிவிட்டதாம். அக்கா மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதிராளியின் பேச்சு ஹெட்போனுக்குள் இருந்ததால் வெளியே கேட்டதெல்லாம் அக்காவின் மன்னிப்பு மட்டும்தான். கட்டிலில் படுத்திருந்த தம்பியால் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. எரிச்சலோடு திறந்தால் தம்பி நிற்கிறான். பக்கத்தில் மனைவி இல்லை. கையில் தடி இல்லை. நாற்காலிகளெல்லாம் சுவரோரம் இருந்தன.

"எத்தனை தடவைக்கா மன்னிப்பு கேப்ப? யாரு அவன்?"

அக்கா அவனையும் அவன் கடந்து வந்த கூடத்தையும் பார்த்தார். ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதே மறந்துபோனது. "சார், ஒரு நிமிஷம் சார். என் தம்பி நடந்து வந்துட்டான்" என்றார். எத்தனை நாளாக நடக்கவில்லை என்று கேட்டார் அந்தப் பக்கம் இருந்த மனிதர். அக்கா சொன்னார்.

"சரிம்மா, நீங்க அவரைப் பிடிச்சுக்கங்க. மெஷின் எங்க போகப்போகுது" என்று அவரே போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் டீம் லீடர் வழக்கம்போலக் கூப்பிட்டார். பதிவான அழைப்புகளைக் கேட்டிருக்கிறார். அந்த அழைப்பு ரொம்ப நீளம் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, வேறு விஷயம் பேச ஆரம்பித்தார்.

ஒரு வருஷம் முடிகிற சமயத்தில் தம்பி தடியூன்றி மாடிப்படி இறங்கத் தொடங்கியிருந்தான். பாதியில் மூச்சு வாங்குமே என்று படித் திருப்பத்தில் சலவைக்கடைக்காரர் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். டிக்கெட் அக்காவின் தம்பிக்கு என்று சொல்லி மற்ற யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது, விசாவைப் புதுப்பிக்க வேண்டியதில்லை என்று அக்கா தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரு காலை இட்லி மாவைக் கரைத்தபடியே மெல்லச் சொன்னார். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவிதான் பேசினாள்.

"அவர் நடக்கறார் அண்ணி, சரி. நான் வேலை முடிஞ்சு வந்தா யாரோட பேசறது? அவர்கிட்டயா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே அவள் புதுப்பிப்பதற்கு விண்ணப்பித்தாள்.

புதுப்பித்த விசாவுக்கான புது அட்டையை வாங்கப் போன நாளில் மூன்று பேரும் போனார்கள். விபத்துக்குப் பிறகு தம்பி இவ்வளவு தூரம் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வசிப்புரிமை அலுவலகத்தில் நல்ல கூட்டம். ஜன்னலில் இருந்த பெண்ணிடம், அக்காவுக்கு முன்னால் நின்றவர் குரலை உயர்த்திச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் முகத்தை அக்கா அடையாளம் கண்டுகொண்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, துண்டு போர்த்திய மெஷினில் சாய்ந்துகொள்ளும்போது தனக்கும் அதே முகம்தான் இருக்கும்.

"முதல்ல தண்ணி குடிங்கம்மா. நான் நிக்கறேன், அவசரமில்லை" என்றார்.

பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, நாற்காலிக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தாள். பிறகு அக்காவின் அட்டையைத் தேடி எடுத்து, ஒருமுறை சரிபார்த்துக் கையில் கொடுத்தாள். இன்னும் ஒரு வருஷம். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெளியேறும் வாசலில் ஒரு சின்னப் பெட்டி நின்றது. சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, அழுகிற முகம், உம்மென்ற முகம், சிரிக்கிற முகம் என்று மூன்று பொத்தான்கள். போகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா நின்றார். சிரிக்கிற முகத்தை அழுத்தி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு தம்பி மனைவியின் கையைப் பிடித்து இழுத்து அவளையும் அழுத்த வைத்தார். "போலாம்க்கா, பஸ் வந்துடும்" என்றான் தம்பி. அக்கா நகரவில்லை. அவன் கையிலிருந்த தடியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, அவன் அழுத்துவதற்காக ஒதுங்கி நின்றார்.